இலங்கையில் மலேரியா: ஆராய்ச்சியும் அரசாங்கக் கொள்கையும்

மக்களின் உடல்நலத்தைக் காத்தற்பொருட்டு ஓர் அரசாங்கம் வகுக்கும் கொள்கை வெறும் நல்லெண்ணத்தின் மேல் நிலைபெற முடியாது. நோய் எவ்வாறு தோன்றுகின்றது, எவ்வழியாகப் பரவுகின்றது, யாரை எக்காலத்திற் பற்றுகின்றது என்னும் வினாக்களுக்கு விடை காணப்பட்ட பின்னரே செலவிடும் பணமும் உழைப்பும் உரிய பயனைத் தரும். அவ்விடைகளைத் தேடித் தருவது ஆராய்ச்சி. ஆயினும் ஒருமுறை விடை கூறிய அளவில் அதன் கடமை முடிந்துவிடுவதில்லை. கொள்கை வெற்றி பெற்ற பின்னரும் ஆராய்ச்சி தொடர்தல் வேண்டும். தொடராவிடின் பெற்ற வெற்றியே பின்னொரு தோல்விக்கு வழிகோலும். இவ்வுண்மையை இலங்கையின் மலேரியா வரலாற்றைப் போல் தெளிவாகக் காட்டும் சான்றுகள் உலகிற் சிலவே உள.

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருவீதி, கேகாலையைக் கடந்து கடுகண்ணாவைக் கணவாயில் ஏறிப் பிலிமத்தலாவையை அடைகின்றது. அங்கிருந்து சிறிது தொலைவிலே, பேராதனையில், மகாவலி கங்கையைக் கடக்கின்றது. ஆண்டு முழுவதும் ஈரம் வற்றாத இப்பசுமை நிலத்தைக் காண்போர் எவரும், இலங்கையின் மிகப் பெரிய மலேரியாக் கொள்ளைநோய் இந்நாட்டின் ஈர வலயத்திலேயே தன் முழுக் கொடுமையையும் காட்டியது என்பதை எளிதில் நம்பார். காய்ச்சலுக்கு இருப்பிடம் அனுராதபுரம், பொலன்னறுவை முதலிய உலர் வலயக் காட்டுநிலமே என்பது பல தலைமுறைகளாக நிலவிய எண்ணம். அவ்வெண்ணம் முற்றும் தவறன்று. ஆயின் முழு உண்மையும் அதுவன்று.

கொள்ளைநோயும் அதன் காரணமும்

1934ஆம் ஆண்டிலே தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. பெருக்கெடுத்தோட வேண்டிய ஆறுகள் மெலிந்தன. அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்திலே காய்ச்சல் பரவத் தொடங்கி, ஆண்டு முடிவதற்குள் கேகாலை, குருநாகல் மாவட்டங்களையும் அவற்றை அடுத்த பகுதிகளையும் வளைத்துக்கொண்டது. மதிப்பீடுகள் தம்முள் வேறுபடினும், ஏறத்தாழ 55 இலட்சம் மக்கள் வாழ்ந்த நாட்டிலே 15 இலட்சத்துக்குக் குறையாதோர் நோயுற்றனர் என்பதும், 1935ஆம் ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 80,000 பேர் உயிரிழந்தனர் என்பதும் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கணக்காகும். வீடுதோறும் நோயாளர் கிடந்தமையால் உழவும் அறுவடையும் தடைப்பட்டன. உலகப் பொருளாதார மந்தத்தினால் முன்னரே வறுமையுற்றிருந்த குடிகளை நோயும் பசியும் ஒருங்கே வாட்டின.

இத்துன்பத்தின் காரணம் யாது? அதனை விளக்குதற்கு வேண்டிய அறிவின் பெரும் பகுதி கொள்ளைநோய்க்கு முன்னரே கிடைத்திருந்தது. 1897ஆம் ஆண்டிலே ரொனால்ட் றொஸ் என்பார் இந்தியாவின் செக்கந்தராபாத்தில் நுளம்பின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அடுத்த ஆண்டு கல்கத்தாவிலே பறவைகளை ஆராய்ந்து, நுளம்பின் கடியினாலேயே நோய் பரவுகின்றது என்பதை நிறுவினார். மனிதரின் மலேரியாவைச் சுமப்பது அனோபிலிஸ் இன நுளம்பு என்பதை இத்தாலிய அறிஞர்கள் காட்டினர். ஆயின் அனோபிலிஸ் நுளம்பிலும் பல வகைகள் உள. இலங்கையில் நோயைப் பரப்பும் வகை எது என்பதை இலங்கையிலேயே ஆராய்ந்தறிதல் வேண்டியிருந்தது. அப்பணியை 1920ஆம் ஆண்டுகளில் மேற்கொண்டவர் எச். எவ். காட்டர் என்னும் பூச்சியியலறிஞர். இங்கு நோயைப் பரப்புவதிற் தலையாயது அனோபிலிஸ் கியூலிசிபேசீஸ் என்னும் வகையே என்பது அவர்தம் ஆராய்ச்சியினாற் புலனாயிற்று.

இந்நுளம்பின் இயல்பே கொள்ளைநோயின் மறைபொருளை விளக்குகின்றது. அது சேற்று நீரையும் சாக்கடையையும் நாடுவதில்லை. வெயில் படும் தெளிந்த நீர்க்குட்டைகளிலேயே முட்டையிடுகின்றது. ஈர வலயத்தின் ஆறுகள் வழக்கம்போற் பெருகியோடும் ஆண்டுகளில், நீரோட்டம் முட்டைகளையும் கூத்தாடிகளையும் அடித்துச் சென்றுவிடும். மழை பொய்த்த ஆண்டிலோ ஆற்றுப் படுக்கையின் மணற் பள்ளங்களிலும் பாறைக் குழிகளிலும் தெளிந்த நீர் ஆங்காங்கே தேங்கி நிற்கும். மா ஓயா, தெதுறு ஓயா, களனி கங்கை, மகாவலி கங்கை ஆகியவற்றின் படுக்கைகள் 1934இல் இந்நிலையை எய்தின. உலர் வலயத்திலே மழை நோயைக் கொணரும். ஈர வலயத்திலே வறட்சி நோயைக் கொணரும். ஒரே நுளம்பின் ஒரே இயல்பு, நிலத்துக்கேற்ப இவ்வாறு எதிர்மாறான பயன்களைத் தந்தது.

பிறிதொரு காரணமும் உண்டு. உலர் வலயத்தார் சிறுவயது முதலே நோய்க்கு ஆளாகி ஓரளவு எதிர்ப்பாற்றலைப் பெற்றிருந்தனர். ஈர வலயத்தாருக்கு அப்பழக்கம் இல்லை. ஆதலினாலேதான் நோய் அங்கு காட்டுத் தீயைப்போற் பரவியது. மக்கள் கூட்டமொன்றில் மலேரியா எவ்வளவு வேரூன்றியுள்ளது என்பதை அறிதற்கு அக்காலத்தில் எளிய முறையொன்று கையாளப்பட்டது. பாடசாலைப் பிள்ளைகளை நிரையாக நிறுத்தி, வயிற்றைத் தடவிப் பார்த்து, மண்ணீரல் வீங்கியுள்ளோரை எண்ணுவதே அம்முறை. மீண்டும் மீண்டும் மலேரியா கண்டவரின் மண்ணீரல் வீங்கியிருக்கும். நூறு பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவ்வீக்கம் உண்டு என்னும் கணக்கு, மாவட்டந்தோறும் நோயின் அளவைக் காட்டும் கருவியாயிற்று. இவ்வாறு வகுப்பறைகளிற் சேர்ந்த எண்களே பின்னர் பெரிய அறிஞர்களின் வாதங்களுக்கு அடிப்படையாயின.

கொள்ளைநோயின் பின் சுகாதாரப் பகுதித் தலைவர் பிறையர்கிளிவ் அவர்களும், இந்தியாவிலே மலேரியாக் கொள்ளைநோய்களை ஆராய்ந்து அனுபவம் பெற்ற கில் அவர்களும் தனித்தனியே அறிக்கை சமர்ப்பித்தனர். ஆற்று நீரின் மட்டத்தையும் நுளம்பின் பெருக்கத்தையும் இடைவிடாது கவனித்தல், தேங்கிய குட்டைகளில் எண்ணெய் தெளித்தல், நாட்டுப்புறங்களில் மருந்துச்சாலைகளை அமைத்தல் முதலிய பணிகள் அதன்பின் விரிந்தன. 1931ஆம் ஆண்டிலேயே சர்வசன வாக்குரிமை வழங்கப்பட்டிருந்தமையால், கிராமத்துக் குடியானவரின் துயரை அரசாங்க சபை புறக்கணித்தல் எளிதாயிருக்கவில்லை என்பதும் கருதத்தக்கது. ஆராய்ச்சியாளர் காட்டிய வழியும், அவ்வழியே செல்லுமாறு மக்கள் விடுத்த வேண்டுகோளும் ஒன்றுசேர்ந்த இடத்திலேயே கொள்கை பிறந்தது.

போர்க்காலத்துப் புதுமருந்து

இரண்டாவது உலகப் போர் இவ்வரலாற்றில் ஒரு திருப்பத்தை உண்டாக்கியது. கீழைத் தேயக் காடுகளிற் போரிட்ட படைகளுக்கு எதிரியின் குண்டினும் மலேரியாவே பேரிடராயிருந்தது. தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் 1944ஆம் ஆண்டிலே கண்டிக்கு மாற்றப்பட்டுப் பேராதனைப் பூந்தோட்டத்தில் இயங்கியதை இப்பகுதியினர் அறிவர். டி. டி. ரி. என்னும் பொருளின் பூச்சிகொல்லும் ஆற்றலைச் சுவிற்சர்லாந்து நாட்டறிஞர் போல் மியுல்லர் 1939இற் கண்டறிந்தார். அதற்காக 1948இல் நோபல் பரிசும் பெற்றார். படைவீரரைக் காத்தற்பொருட்டுப் பெருவாரியாக உற்பத்தி செய்யப்பட்ட அப்பொருள், போர் முடிந்ததும் குடிமக்களுக்குக் கிடைத்தது. நாட்டின் பாதுகாப்பை நோக்கி நடந்த ஆராய்ச்சி மக்களின் சுகாதாரத்துக்குக் கைகொடுத்ததற்கு இது சிறந்த எடுத்துக்காட்டாகும்.

இம்முறையின் நுட்பம் எளியது. அனோபிலிஸ் கியூலிசிபேசீஸ் இரவில் வீட்டினுட் புகுந்து குருதியை உண்டபின் சுவரிலே தங்கி இளைப்பாறும் இயல்பினது. நோயாளியின் குருதியோடு உட்சென்ற கிருமி நுளம்பின் உடலில் முதிர்ச்சியடைந்து பிறருக்குத் தொற்றும் நிலையை எய்துதற்குப் பத்து நாட்கள் அளவில் வேண்டும். சுவரிற் பூசப்பட்ட மருந்தின்மேல் அமர்ந்த நுளம்பு அந்நாட்கள் கழியுமுன் இறந்துபடும். ஆகவே நாட்டிலுள்ள நுளம்புகள் அனைத்தையும் அழிக்க வேண்டுவதில்லை. கடித்த நுளம்பு நெடுநாள் வாழாதிருந்தாற் போதும். இலங்கையில் 1946ஆம் ஆண்டிலே வீடுகளுக்கு மருந்து தெளிக்கும் பணி பெரிய அளவில் தொடங்கியது. ஆயிரவருக்கு 20 அளவில் இருந்த இறப்பு வீதம் 1947இல் 14 அளவுக்கு இறங்கியது. ஓராண்டுக்குள் இத்துணை வீழ்ச்சி ஏற்பட்டமை உலகத்தாரை வியக்கச் செய்தது.

இவ்விடத்தே ஆராய்ச்சியின் மற்றொரு பயன் வெளிப்படுகின்றது. இறப்பு குறைந்தது உண்மை. ஆனால் அதற்குக் காரணம் மருந்துத் தெளிப்பு ஒன்றுதானா என்னும் வினா எழுந்தது. பீற்றர் நியூமன் என்பார் 1965இல் வெளியிட்ட நூலிலே, மண்ணீரற் கணக்குகளைக் கொண்டு மாவட்டங்களை ஒப்புநோக்கி, போருக்குப்பின் ஏற்பட்ட வீழ்ச்சியில் நூற்றுக்கு 42 அளவான பங்கு மலேரியாக் கட்டுப்பாட்டுக்கு உரியதென மதிப்பிட்டார். அதே பொருளை 1974இல் மீண்டும் ஆராய்ந்த ஆர். எச். கிறே என்பார் அப்பங்கை 23 எனக் கண்டார். எஞ்சியது உணவு நிலையின் திருத்தம், மருத்துவமனைகளின் பெருக்கம், தாய் சேய் நலப் பணி முதலியவற்றாலாகியது. இவ்வாதம் வெறும் எண்விளையாட்டன்று. ஒரு மருந்தே எல்லாம் செய்தது என நம்பும் அரசாங்கம் மற்றைப் பணிகளைச் சுருக்கிவிடும். பல காரணங்கள் கூடி உழைத்தன என அறிந்த அரசாங்கம் அவை அனைத்தையும் பேணும்.

பதினேழும் ஐந்து இலட்சமும்

உலக சுகாதார நிறுவனம் 1955ஆம் ஆண்டில் மலேரியாவை உலகெங்கும் ஒழிக்கும் இயக்கத்தைத் தொடங்கியது. இலங்கையும் அதிற் சேர்ந்துகொண்டது. 1963ஆம் ஆண்டிலே நாடு முழுவதிலும் கண்டறியப்பட்ட நோயாளர் பதினேழு பேரே. அவருட் பலர் பிறநாட்டிலிருந்து நோயைக் கொணர்ந்தவர். 1934ஐ நினைவிற் கொண்டோருக்கு இவ்வெண் நம்புதற்கரியதாய்த் தோன்றியிருக்கும். 1964ஆம் ஆண்டளவிலே மருந்துத் தெளிப்பு நிறுத்தப்பட்டது. ஒழிந்துவிட்ட நோயின்பொருட்டு ஏன் செலவிடுதல் வேண்டும் என்னும் எண்ணம் இயல்பானதே.

ஆயின் மருந்துத் தெளிப்பு நின்றபோது அதற்கீடாகப் பெருகியிருக்க வேண்டிய விழிப்பு தளர்ந்தது. காய்ச்சலுற்றோரின் குருதியைக் கண்ணாடித் தகட்டிலே தடவி நுண்காட்டியால் நோக்கும் பணி பல இடங்களிற் போதிய அளவு நடைபெறவில்லை. மழை குறைந்து ஆற்றுக் குட்டைகள் மீண்டும் தோன்றின. எலகரைப் பகுதியில் இரத்தினக் கல் அகழ்ந்தோரின் குழிகளில் நீர் தேங்கியது; அங்கு வேலை தேடிச் சென்றோர் நோயைத் தத்தம் ஊர்களுக்குச் சுமந்து சென்றனர். 1967இற் சில ஆயிரமாயிருந்த நோயாளர் தொகை 1968இல் 4 இலட்சத்தைக் கடந்தது. 1969இல் 5 இலட்சத்தையும் மிஞ்சியது. தெளிப்பு மீண்டும் தொடங்கியபோது, நுளம்பு டி. டி. ரி.யைத் தாங்கும் ஆற்றலைப் பெறத் தொடங்கியிருந்தமையும் புலனாயிற்று.

இவ்விழிவுக்கு டி. டி. ரி.யின் மீது மேனாட்டார் விதித்த தடையே காரணம் எனச் சிலர் கூறுவர். ஆண்டுகளை நிரைப்படுத்திப் பார்ப்போருக்கு அக்கூற்றின் பிழை விளங்கும். ஐக்கிய அமெரிக்க நாடு அத்தடையை விதித்தது 1972ஆம் ஆண்டிலே. இலங்கை தெளிப்பை நிறுத்தியதோ அதற்கு எட்டாண்டுகள் முன்னர், வெற்றியின் காரணமாக. மீண்டும் நோய் எழுந்த காலத்து அதே மருந்து மறுபடியும் கையாளப்பட்டது. குற்றம் தடையினுடையதன்று; கண்காணிப்பின் தளர்ச்சியினுடையது.

பிந்திய பாடங்கள்

1977ஆம் ஆண்டு முதல் டி. டி. ரி.க்குப் பதிலாக மலதியோன் கையாளப்பட்டது. நுளம்பு அதற்கும் விரைவிற் பழகிவிடாதிருத்தற்பொருட்டு, அப்பொருளைப் பயிர்ச்செய்கைக்குப் பயன்படுத்தாது சுகாதாரப் பணிக்கென ஒதுக்கியமை ஆராய்ச்சியைத் தழுவிய கொள்கையாகும். அவ்வாறு ஒதுக்கியும் நுளம்பு காலப்போக்கில் அதற்கும் பழகிக்கொண்டது. பிற்காலத்தே பல மருந்துகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் முறை வந்தது.

மகாவலித் திட்டம் வேறொரு படிப்பினையைத் தந்தது. 1976இற் பொல்கொல்லையிலும், 1980ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியிற் கொத்மலை, விக்டோரியா ஆகிய இடங்களிலும் ஆறு தடுக்கப்பட்டது. அணைகளின் கீழ் நீரோட்டம் மெலிந்த இடங்களிற் பாறைக் குழிகளில் நீர் தேங்கவே, கண்டிப் பகுதியின் ஆற்றோரங்களிலும் மலேரியா தலைகாட்டியது. 1934இல் வானம் செய்ததை இம்முறை பொறியியல் செய்தது. இதே காலத்திற் பேராதனைப் பல்கலைக்கழகத்து விலங்கியலறிஞர் பீலிக்ஸ் அமரசிங்க, மகாவலிக் குடியேற்றப் பகுதிகளில் நுளம்புகளின் இனங்களையும் அவற்றின் பெருக்கத்தையும் ஆராய்ந்தார். நீர்ப்பாசனத் திட்டமொன்றை வகுக்கும்போதே நுளம்பையும் கணக்கிலெடுத்தல் வேண்டும் என்பது இத்தகைய ஆய்வுகளின் பயனாயிற்று. பின்னர் யான் ஓயாவிலே நடைபெற்ற ஆய்வு, மேற்பகுதிக் குளங்களிலிருந்து நீரை உரிய காலத்திற் திறந்துவிட்டு ஓடையின் மட்டத்தை உயர்த்தினால் நுளம்பின் பிறப்பிடங்களைக் குறைத்தல் கூடும் என்பதைக் காட்டியது. காட்டர் காலத்து உண்மை இவ்வாறு நீர்ப்பாசனப் பொறியியலாளரின் கையேறியது.

கதிர்காமப் பகுதியிற் செய்யப்பட்டு 1991இல் வெளியான ஓர் ஆய்வும் குறிப்பிடத்தக்கது. செம்மையாகக் கட்டப்பட்ட வீடுகளில் வாழ்ந்தோரினும், மண்சுவரும் ஓலைக் கூரையுமாக அமைந்த குடிசைகளில் வாழ்ந்தோரே மிகுதியாக நோயுற்றனர் என்பது அதன் முடிபு. வீடமைப்பும் ஒருவகை மருந்தே என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டியதில்லை.

இவற்றுக்கிடையே 1987இல் நோயாளர் தொகை 6 இலட்சத்தைக் கடந்தது. 1999இலும் 2,60,000க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். அதன்பின் ஏற்பட்ட வீழ்ச்சியோ, வடக்கும் கிழக்கும் போரினால் அல்லலுற்ற காலத்திலேயே நிகழ்ந்தது என்பது வியப்புக்குரியது. மருந்தூட்டிய நுளம்பு வலைகளும், ஊர் ஊராகச் சென்ற நடமாடும் மருத்துவ நிலையங்களும் அதற்குத் துணைபுரிந்தன. 2011இல் உள்நாட்டிலே தொற்றியோர் 124 பேர். 2012இல் 23 பேர். அவ்வாண்டு ஒக்டோபரின் பின் உள்நாட்டிற் தோன்றிய நோயாளர் எவரும் காணப்படாமையால், 2016ஆம் ஆண்டு செப்தெம்பர் 5ஆந் தேதி இலங்கை மலேரியா நீங்கிய நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

1963க்கும் 2012க்கும் உள்ள வேற்றுமை யாது? இரு காலத்தும் எண்கள் சிறியனவே. ஆயின் பிந்திய காலத்திலே, நோயாளர் தொகை நூற்றுக்குக் குறைந்த பின்னரும், ஆண்டுதோறும் ஏறத்தாழ 10 இலட்சம் பேரின் குருதி ஆராயப்பட்டது. நோயாளர் ஒருவர் காணப்பட்டால், அவர் எங்கு சென்றார், யாரோடு தங்கினார், அவர் வீட்டைச் சூழ எந்நுளம்பு உண்டு என்பனவெல்லாம் உசாவி அறியப்பட்டன. “ஒன்றுமில்லை” என்னும் விடையைப் பெறுதற்காக இலட்சக்கணக்கான தகடுகளை நுண்காட்டியின் கீழ் வைத்து நோக்குதல் சலிப்பூட்டும் பணியே. வெளியார் கண்ணுக்கு அது வீண்செலவாகவும் தோன்றலாம். எனினும், தேடிப் பார்த்து இல்லையென்பது வேறு. தேடாது இல்லையென்பது வேறு. முன்னது அறிவு, பின்னது அறியாமை. 1960ஆம் ஆண்டுகளில் நாடு இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டதன் விலையே 1969ஆம் ஆண்டின் 5 இலட்சம் நோயாளர்.

அவ்விழிப்பின் தேவை இன்னும் தீர்ந்துவிடவில்லை. 2016ஆம் ஆண்டு டிசெம்பரில், சான்றிதழ் கிடைத்த சில மாதங்களுக்குள், அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்னும் புதிய நுளம்பு மன்னாரிலே காணப்பட்டது. இது இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் வகை. கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் பெருகுவது. ஆற்றுக் குட்டையை நோக்கிய பழைய முறைகள் இதற்குப் பொருந்தா. 2018ஆம் ஆண்டு டிசெம்பரில் மொனராகலை மாவட்டத்திலே, வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவரின் நோய் உள்நாட்டார் ஒருவருக்குத் தொற்றியது. அது உடனே கண்டறியப்பட்டமையால் மேலும் பரவாது நின்றது. தேடும் பழக்கம் விடப்பட்டிருந்தால் அவ்வொருவர் எத்தனை பேராயிருப்பார் என்பதை 1967ஆம் ஆண்டு கற்பித்துள்ளது.

மலேரியா நீங்கிய நாட்டில் வளரும் தலைமுறை அக்காய்ச்சலைக் கண்ணாற் கண்டதில்லை. இளம் வைத்தியருட் பலரும் அத்தகைய நோயாளரைக் கண்டிரார். இது பெருமைக்குரியது, அபாயத்துக்கும் உரியது. பிறநாடுகளிலே தொழில்புரிந்தும் யாத்திரை செய்தும் மீள்வோர் காய்ச்சலுற்றால், தாம் சென்று வந்த இடத்தை வைத்தியருக்குத் தெரிவித்துக் குருதியைச் சோதிப்பித்தல் வேண்டும். பெற்றோருக்கும் மாணாக்கருக்கும் இதனை எடுத்துச் சொல்லுதல் பாடசாலைகளுக்கு அரிய காரியமன்று. முன்னொரு காலத்திற் பாடசாலைப் பிள்ளைகளின் மண்ணீரற் கணக்கு நாட்டின் நிலையை அரசாங்கத்துக்கு அறிவித்தது. காய்ச்சலுடன் ஊர் திரும்பிய ஒருவரின் ஒரு துளிக் குருதி இன்று அப்பணியைச் செய்கின்றது. அத்துளியைச் சோதிக்கும் கூடமும், அதனை நோக்கும் பயிற்சி பெற்றவரும், நோயாளர் ஒருவரேனும் இல்லாத ஆண்டிலும் பேணப்படுதல் வேண்டும்.